காட்டு நீதியும் கூண்டு நீதியும்

வலியவன் எளியவனை மிதிக்கும்போது, 'இது என்ன காட்டு நீதி?' என்று கேட்கின்றோம். கொடுமை செய்தவனை 'மிருகம்' என்று ஏசுகின்றோம். அதே நாவினால் வேறொரு வேளையில் வேறு விதமாகவும் பேசுகின்றோம். 'சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்குவது இயற்கைதானே!' 'கூட்டம் என்றால் ஒருவன் அதட்ட வேண்டும், மற்றவர் அடங்க வேண்டும்.' 'ஆண் என்றால் அப்படித்தான் இருப்பான்.' 'இனம் இனத்தோடுதான் சேரும்.' இவற்றைச் சொல்லும்போது நம் செயல்களுக்கு விலங்குகளையே சாட்சியாக அழைத்து நிறுத்துகின்றோம். முதலில் சொன்ன பேச்சில் விலங்கு இழிவுக்கு அளவுகோல். இரண்டாவதில் அதுவே நமக்கு நீதிபதி. நம் வசதிக்கேற்ப அதற்கு வேடம் மாற்றுகின்றோம்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. காட்டில் விலங்குகள் எவ்வாறு கூடி வாழ்கின்றன என்பது நமக்கு உண்மையிலேயே தெரியுமா? தெரிந்தாலும், அவை அப்படி வாழ்கின்றன என்பதிலிருந்து நாம் எப்படி வாழ வேண்டும் என்பது கிடைத்துவிடுமா? இவற்றைச் சற்றுப் பொறுமையோடு எண்ணிப் பார்ப்போம்.

ஓநாயிலிருந்து தொடங்குவோம். கூட்டமாக வாழும் விலங்குகளுள் மனிதரிடம் அதனளவுக்குப் பழி சுமந்தது வேறில்லை. ஓநாய்க் கூட்டத்தில் ஒவ்வொன்றும் மற்றொன்றை மிதித்து மேலே ஏறத் துடிக்கின்றது. மோதலில் வென்ற ஆண் தலைவனாகின்றது. தோற்றவை வாலை ஒடுக்கிப் பின்னே நிற்கின்றன. இந்தச் சித்திரம் உலகெங்கும் பரவியிருக்கின்றது. 'ஆல்ஃபா ஆண்' என்ற சொல் இன்று நம் கல்லூரி மாணவர் நாவிலும் தாராளமாகப் புழங்குகின்றது. பிறரை அடக்குகிறவனே ஆண்மகன் என்ற பழைய செருக்கிற்கு இப்போது அறிவியலின் சான்றிதழும் கிடைத்துவிட்டதாக இளைஞர் சிலர் நம்புகின்றனர்.

அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது? ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 1947-இல் வெளியிட்ட ஆய்வு அதன் முக்கிய ஊற்றுகளுள் ஒன்று. அவர் ஓநாய்களைக் கவனித்த இடம் காடன்று. பாசல் நகரத்து விலங்குக் காட்சிச்சாலை. ஓடி மறைய இடமின்றி ஒரே அடைப்புக்குள் வைக்கப்பட்ட ஓநாய்கள் அவை. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் ஓநாயைப் பற்றி எழுதிய நூல் இக்கருத்தை மேலும் பரப்பியது. நூல் நன்கு விற்றது, கருத்தும் நிலைத்தது.

அதே மெக் பிற்காலத்தில் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குக் கோடைதோறும் சென்றார். மனிதரைக் கண்டு மிரளாத ஓநாய்களை அங்கே அருகிருந்து கவனித்தார். அவர் கண்டது போர்க்களமன்று, குடும்பம். ஒரு தந்தை, ஒரு தாய், அவற்றின் குட்டிகள், முந்திய ஆண்டுகளில் பிறந்த மூத்த பிள்ளைகள்: இயற்கையான ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் இவ்வளவுதான். தலைமை என்பது அங்கே சண்டையிட்டு வெல்லும் பதவியன்று. பெற்றெடுத்ததால் வந்த பொறுப்பு. தந்தை வேட்டையாடிக் கொண்டுவரும். தாய் குட்டிகளோடு இருக்கும். மூத்தவையும் இளையவற்றுக்கு உணவூட்டும். வளர்ந்த பிள்ளைகள் தந்தையை வீழ்த்தி அரியணை ஏறுவதில்லை. பருவம் வந்ததும் வெளியேறித் துணை தேடிப் புதுக் குடும்பம் அமைக்கின்றன. மெக் இதனை 1999-இல் விரிவாக எழுதினார். தமது பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரைப் பல ஆண்டுகள் கேட்டு வந்தார். 2022-இல்தான் அது நின்றது. தமக்குப் புகழ் தேடித் தந்த நூலையே நிறுத்தச் சொன்ன அறிஞரை எத்தனை முறை வணங்கினாலும் தகும்.

ஆக, இதுவரை காட்டு நீதி என்று நாம் சொல்லி வந்தவற்றுள் ஒரு பகுதி, உண்மையில் கூண்டு நீதி. வெளியேற வழியுள்ள இடத்தில் இளைய ஓநாய் புறப்பட்டுப் போய்விடுகின்றது. வழியில்லாத இடத்தில் கடித்துக் குதறுகின்றது. இதனைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தவை பல. ஒரே அறையில் பன்னிருவராக அடைபட்டுக் கிடக்கும் தொழிலாளர், பத்து இடங்களுக்கு ஆயிரம் பேராக நிற்கும் இளைஞர், கடனால் நெருக்குண்ட ஒரே கூரையின் கீழ்ப் பேசாமல் வாழும் அண்ணன் தம்பியர். இவர்கள் மோதிக்கொள்ளும்போது 'மனிதனின் இயல்பே இதுதான்' என்று தீர்ப்பளித்துவிடுகின்றோம். இயல்பை ஆராயுமுன் அடைப்பின் நீள அகலத்தை அளந்து பார்ப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் காட்டில் நடந்ததும் இதை ஒட்டியதே. குரூகர் தேசியப் பூங்காவில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகப் பெரிய யானைகளைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பிய குட்டிகள் சிலவற்றை வண்டியேற்றிப் பிலானஸ்பெர்க்கில் கொண்டு விட்டார்கள். அவை பெரியோர் எவருமின்றி வளர்ந்தன. ஆண் குட்டிகள் இளவயதிலேயே மதம் கொண்டன. அந்த மதம் நீண்ட காலம் தணியவுமில்லை. 1992 முதல் 1997 வரை அவை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்று போட்டன. யானை காண்டாமிருகத்தை உண்பதில்லை. அக்கொலைகளால் அவற்றுக்குப் பயனேதும் இல்லை. 1998-இல் குரூகரிலிருந்து முதிர்ந்த ஆண் யானைகள் ஆறினைக் கொண்டுவந்து அக்காட்டில் விட்டார்கள். பெரியவற்றின் முன்னிலையில் இளையவற்றின் மதம் குறுகியது. காண்டாமிருகங்கள் சாவதும் நின்றது. இதனை ஆராய்ந்தவர்கள் 2000-ஆம் ஆண்டில் எழுதியிருக்கின்றனர்.

அந்த இளம் யானைகளைச் சுட்டிக் காட்டி, யானையின் இயல்பே கொலைவெறி என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநீதியாக இருந்திருக்கும்! வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தையின் பணத்தில் வளர்ந்து, வழிகாட்ட ஆளின்றித் தெருமுனையில் நிற்கும் நம் பிள்ளைகளைப் பற்றி நாம் சொல்லும் சொற்களிலும் அத்தகைய அநீதி கலந்திருக்கின்றது.

கென்யாவின் மாசாய் மாரா பகுதியில் இராபர்ட் சபோல்ஸ்கி கண்ட பபூன் குரங்குகளின் கதை இன்னும் வியப்பானது. பபூன்கள் முரடானவை என்று பெயரெடுத்தவை. ஒரு குழுவைச் சேர்ந்த முரட்டு ஆண்கள் நாள்தோறும் பக்கத்துச் சுற்றுலா விடுதியின் குப்பைக் குழிக்குப் போய், அங்கிருந்த மற்றொரு குழுவோடு மல்லுக்கு நின்று எச்சிலைத் தின்று வந்தன. 1980-களின் நடுவில், அந்தக் குப்பையில் எறியப்பட்ட நோயுற்ற இறைச்சியிலிருந்து காசநோய் பற்றி, அங்கே போய் வந்த ஆண்கள் மாண்டன. சண்டைக்குப் போகாத சாதுவான ஆண்களும், பெண்களும், குட்டிகளும் எஞ்சின. குழுவின் வாழ்வு மாறியது. எளியவற்றைத் துன்புறுத்துவது குறைந்தது. ஒன்றையொன்று தடவிப் பேன் பார்க்கும் நேரம் கூடியது. பபூன்களில் ஆண்கள் பருவம் வந்ததும் பிறந்த குழுவை விட்டு வேறு குழுவில் சேர்பவை. ஆகவே பத்தாண்டுகளுக்குள் பழைய சாது ஆண்கள் ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஆயினும் அக்குழுவின் அமைதி மாறவில்லை. வந்தவை அவ்வூர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டன. சபோல்ஸ்கியும் அவருடைய மனைவி லிசா ஷேரும் இதனை 2004-இல் வெளியிட்டனர்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை இனிமையாக முடியும், நேர்மையாக முடியாது. கொடுமையெல்லாம் கூண்டிலும் குப்பைக் குழியிலும் பிறப்பது, காடு மட்டும் மாசற்றது என்று சொல்ல வழியில்லை.

2025 அக்டோபரில் மறைந்த ஜேன் குடால் அம்மையார், 1960 முதல் தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளோடு பழகியவர். தொடக்க ஆண்டுகளில் அவை மனிதரைவிட நல்லவை என்றே எண்ணியிருந்தார். 1970-களின் தொடக்கத்தில் அங்கிருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. 1974 முதல் நான்கு ஆண்டுகளில், வடக்கே இருந்த ஆண்கள் தெற்கே பிரிந்து போன ஆண்களை ஒவ்வொன்றாகத் தனிமையில் மடக்கி அடித்துக் கொன்றன. கொன்றவையும் கொல்லப்பட்டவையும் ஒரே கூட்டத்தில் வளர்ந்தவை. ஒன்றுக்கொன்று பேன் பார்த்தவை. ஆய்வாளர்கள் வாழைப்பழம் கொடுத்துப் பழக்கியதால் வந்த வினை இது என்று சிலர் வாதிட்டனர். ஆனால் 18 சிம்பன்சிக் கூட்டங்களின் பதிவுகளை ஒப்பிட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு, மனிதத் தலையீட்டால் மட்டும் இக்கொலைகளை விளக்க முடியாது என்று காட்டியது. நம் நாட்டிலும், கரிய முகமும் நீண்ட வாலும் கொண்ட அனுமன் குரங்குகளில், கூட்டத்தைப் புதிதாகக் கைப்பற்றிய ஆண் அங்கிருக்கும் பச்சிளம் குட்டிகளைக் கொல்வதுண்டு என்பதைத் தார்வாரிலும் அபு மலையிலும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர்.

மறுபுறம், கொங்கோ ஆற்றின் தென்கரையில் வாழும் பொனோபோக்கள் சிம்பன்சிகளுக்கு மிக நெருங்கிய உறவு. அவற்றிடம் இத்தகைய கொலை மிக அரிது. கோஸ்டாரிக்காவில் இரத்தம் குடிக்கும் வௌவால்களை ஜெரால்டு வில்கின்சன் ஆராய்ந்து 1984-இல் எழுதினார். அந்த வௌவால் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உணவின்றிப் போனால் இறந்துவிடும். வெறும் வயிற்றோடு திரும்பியதற்கு, வயிறு நிறைந்து வந்தது தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகின்றது; உறவல்லாத, ஆனால் நெடுநாள் உடன் தங்கிய வௌவாலுக்கும் ஊட்டுகின்றது. பேய்க்கதைகளில் நாம் பயன்படுத்திக்கொள்ளும் பிராணி பசித்த அண்டைவீட்டாரோடு பகிர்ந்துண்கின்றது.

அப்படியென்றால் நாம் வேண்டிய சாட்சியைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். போருக்குச் சிம்பன்சி, சமாதானத்துக்குப் பொனோபோ, பகிர்வுக்கு வௌவால். திறமையான வழக்கறிஞர் எந்தப் பக்கத்துக்கும் ஒரு விலங்கைக் கூண்டிலேற்றிவிடுவார். அந்த விலங்குகள் எவையும் நம் வழக்குக்காக வாழ்பவை அல்ல என்பதுதான் நமக்கு மறந்துபோகின்றது.

உரோமைச் சட்ட அறிஞர் உல்பியான், இயற்கை எல்லா உயிர்களுக்கும் கற்பித்ததையே இயற்கைச் சட்டம் என்றார். புனித தோமா அக்குவினாஸ் இக்கருத்தைத் தள்ளிவிடவில்லை. ஆனால் அப்படியே ஏற்கவும் இல்லை. மனிதனிடம் மூன்று நாட்டங்களை அவர் காண்கின்றார். தன் இருப்பைக் காத்துக்கொள்வது எல்லாப் பொருளுக்கும் பொது. ஆணும் பெண்ணும் கூடுவதும் குழந்தைகளை வளர்ப்பதும் விலங்குகளோடு நமக்குப் பொது. உண்மையை, சிறப்பாக இறைவனைப் பற்றிய உண்மையை அறிவதும், பிறரோடு கூடி வாழ்வதும் அறிவுள்ள உயிருக்கு உரியவை. முதல் இரண்டும் இழிந்தவை அல்ல. ஆயினும் அவற்றை ஒழுங்குபடுத்துவது அறிவு. நாட்டம் இருப்பதனாலேயே செயல் நல்லதாகிவிடுவதில்லை. குருமடத்தில் இப்பகுதியைத் தேர்வுக்காகப் படித்தபோது வறட்டுப் பாடமாகத் தோன்றியது. திருமணச் சிக்கல்களைத் தீர்க்க வேண்டி வந்த பின்னரே அதில் இவ்வளவு சாறு இருப்பது தெரிந்தது.

அவருக்கும் முன்னே அரிஸ்டாட்டில், கூட்டாக ஒரு பணியைச் செய்து வாழும் உயிர்களின் வரிசையில் தேனீ, குளவி, எறும்பு, நாரை ஆகியவற்றோடு மனிதனையும் வைத்தார். அதில் அவருக்குக் கூச்சமில்லை. வேறோரிடத்தில் மனிதனைத் தேனீயிலிருந்து பிரித்துக் காட்டும்போது அவர் சொல்லும் வேறுபாடு நுட்பமானது. குரல் எல்லா விலங்குக்கும் உண்டு. அது இன்பத்தையும் துன்பத்தையும் தெரிவிக்கும். பேச்சு மனிதனுக்கு மட்டும் உண்டு. அது நீதியையும் அநீதியையும் எடுத்துரைக்கும். கோம்பே சிம்பன்சிகளின் செயலைக் கண்டு குடால் அம்மையார் பல இரவுகள் மனம் கலங்கினார்; கொன்ற சிம்பன்சியிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை. காயினிடம் கேட்கப்பட்டது. உன் சகோதரன் எங்கே என்ற கேள்வி அவன் காதில் விழுந்தது. அதற்கு அவன் ஒரு மறுமொழியும் தயாரித்துச் சொன்னான். விலங்கோடு எவ்வளவு ஒற்றுமைகளைக் கண்டுபிடித்தாலும், அந்தக் கேள்வியின் முன் நாம் தனியே நிற்கின்றோம்.

இதெல்லாம் ஏட்டுச் சிந்தனையாக வாசகருக்குத் தோன்றலாம். அப்படியன்று. பிள்ளைகள் வேறு சாதியில் மணம் பேசிவிட்டார்கள் என்று கலங்கிய முகத்தோடு வரும் பெற்றோர் நம்மிடம் சொல்லும் முதல் வாதங்களுள் ஒன்று: 'சாமி, காக்கைகூடக் காக்கையோடுதானே சேருது? இனம் இனத்தோடு சேருவது ஆண்டவர் படைப்புதானே?' அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஊருக்கு அஞ்சுகின்றார்கள், அந்த அச்சத்துக்கு இயற்கையின் பெயரைச் சூட்டுகின்றார்கள்.

இந்த வாதத்தை அறிவியல் கொண்டே கவிழ்த்துவிடலாம். காக்கையும் குயிலும் வெவ்வேறு இனங்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் அப்படியல்ல. ஒரே இனத்துக்குள் பார்த்தால், காட்டின் பெருவழக்கு இவர்கள் சொல்வதற்கு நேர் மாறானது. பருவம் வந்த ஓநாய் பிறந்த குடும்பத்தை விட்டுப் போய்ப் புதிய துணையைத் தேடுகின்றது. பபூன்களில் ஆண்கள் வெளியே போகின்றன. சிம்பன்சிகளில் பெரும்பாலும் பெண்கள் போகின்றன. தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் காவல் போட்டு வைத்திருக்கும் விலங்கு காட்டில் மிக அரிது.

இவ்வாறு சொன்னால் பெற்றோர் வாயடைத்துப் போவார்கள். ஆனாலும் இதோடு விட்டுவிடக் கூடாது என்று நினைக்கின்றோம். ஓநாய் வெளியே போய் மணக்கின்றது, ஆகவே சாதி கடந்த மணம் நல்லது என்று நாம் வாதிட்டால், எதிரே இருப்பவர் செய்த பிழையையே நாமும் செய்கின்றோம். நாளை யாராவது ஒரு விஞ்ஞானி, தன் கூட்டத்துக்குள்ளேயே இணைசேரும் விலங்கொன்றைக் காட்டினால் நம் அறம் சரிந்து விழுமா? சாதியால் ஒருவரைத் தள்ளி வைப்பது தவறு என்பதற்குக் காரணம், தள்ளப்பட்டவர் நம்மைப் போலவே முகமும் பெயரும் மனச்சான்றும் உடையவர் என்பதே. எல்லா விலங்குகளும் ஒன்றையொன்று தள்ளி வைத்தாலும் அது தவறாகவே இருக்கும். பெற்றோரிடம் ஓநாயைப் பற்றிச் சொல்லலாம். அவர்களுடைய பொய்ச்சாட்சியைக் களைவதற்கு அது போதும். அதன் பிறகு, வந்திருக்கும் அந்த மருமகளின் முகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பின்னதுதான் கடினம்.

நம் தமிழகத்து ஊர்கள் சிலவற்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலும் ஒரு சுவர் உண்டு. யார் சுவரின் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்பது ஊரறிந்தது. இதை எழுதும்போது கென்யாவின் அம்பொசெலி யானைகளைப் பற்றி 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவில் நிற்கின்றது. யானைகள் இறந்த யானையின் எலும்பருகே நின்று துதிக்கையால் தடவும் என்பது பலர் அறிந்ததே. அந்த ஆய்வாளர்கள் ஒரு யானைக் குடும்பத்தின் முன் மூன்று மண்டையோடுகளை வைத்தார்கள். மூன்றும் இறந்துபோன மூத்த தலைவிகளுடையவை. அவற்றுள் ஒன்று அதே குடும்பத்தின் தலைவியுடையது. வேறு குடும்பங்களிடமும் இவ்வாறே செய்து பார்த்தார்கள். யானைகள் தம் தலைவியின் மண்டையோட்டைத் தனியே தேர்ந்து நாடவில்லை. மற்ற குடும்பத்தாருடையதையும் அதே போலத் தொட்டுத் தடவிப் பார்த்தன.

இதையும் பாடமாக வைக்க நாம் விரும்பவில்லை. எது யாருடைய எலும்பு என்பதை யானைகளால் கண்டுகொள்ள முடியாமல் இருந்திருக்கலாம். நமக்கு அந்தத் தெரியாமை இல்லை. எந்தக் குழியில் யார், யாருடைய மகன், எந்தத் தெருக்காரர் என்பதையெல்லாம் நாள் தவறாமல் இறப்புப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கின்றோம். தேடினால், அந்தச் சுவருக்குச் செங்கல் வாங்கிய கணக்கும் பழைய ஏடுகளில் எங்காவது கிடைக்கும்.